பதுளை வழியாகக் கொழும்புக்கு

அன்று முழுவதும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மட்டக்களப்பிலிருந்துதான் ஒலிபரப்பாக இருந்தது. காலைப் பக்திப் பாடலிலிருந்து இரவு நாடகம்வரை எல்லாமே நகர மண்டபத்தில். மண்டபத்திலிருந்து ஒரு கம்பி தபால் கந்தோர் மாடிக்கு வந்தது. அங்கிருந்து தொலைபேசி லைனில் கொழும்புக்கு, கொழும்பிலிருந்து நாட்டுக்கு.

மாடியில் இரண்டு ஒப்பரேட்டர்கள். றீற்றா அந்தக் கதிரைக்கு வந்து ஆறு வருடம். பேர்னாட் அவளுக்கு மூத்தவர். வானொலி லைனைக் கவனிக்கும் வேலையை மேலதிகாரி பேர்னாட்டிடம் கொடுத்திருந்தார். "பொம்புளப் புள்ள, ஏதும் ஒண்டெண்டா பதறிப்போகும்" என்று அவள் காதுபடவே சொன்னார். றீற்றா வழக்கமான அழைப்புகளைக் கவனித்தாள்.

ஆறு மணிக்குத் தேவாரமும் வேதாகம வாசிப்பும் போயின. பிறகு விவசாய நேரம். மாதர் நேரத்தில் திரேசம்மா நண்டுக் கறி வைத்துக் காட்டினார். சட்டியில் வெங்காயம் பொரியும் சத்தம்கூடக் கேட்டது. பத்தரைக்குக் கடல் பாட்டு. அதற்காக வாகரையிலிருந்து சிவமணியும் கரைவலை இழுக்கும் ஆறு பேரும் மீன் லொறியில் முதல் நாளே வந்திருந்தார்கள்.

பத்து இருபத்தொன்றுக்கு லைன் செத்தது.

பேர்னாட் கத்திப் பார்த்தார். வாழைச்சேனை பதில் சொன்னது. அதற்கப்பால் ஒரு மூச்சும் இல்லை. மூலையில் இருந்த ரேடியோவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றது கொழும்பு. புல்லாங்குழல் இசைத்தட்டு ஒன்று சுழலத் தொடங்கியது.

மண்டபத்திலிருந்து ஹெக்டர் அழைத்தார். கொழும்பிலிருந்து வந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"லைன்காரர் போய்ப் பாக்கோணும், ஐயா. பின்னேரம் ஆகும்" என்றார் பேர்னாட்.

"சரி, அப்ப கடல் பாட்டை விட்டிடுவம்."

அவருக்குப் பின்னால் பாட்டுக்காரர் ஒருவரின் கரகரத்த குரல், அழைப்பை இணைத்த றீற்றாவின் காதிலும் விழுந்தது: "எங்கட முறை இன்னும் வரல்லயா, ஐயா?"

றீற்றா திரும்பினாள். "அண்ணன், பதுளைப் பக்கத்தால போவம். பதுளை, கண்டி, கொழும்பு."

"மூண்டு கந்தோர் வழி விடோணும் புள்ள! பதுளை லைன்ல காத்தான்குடி புடவைக்கடை மஜீட் முதலாளி கதைச்சிட்டிருக்கார். ஆர் பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

அவள் முதலாளியின் பேச்சுக்குள் நுழைந்தாள். "மஜீட் காக்கா, றீற்றா கதைக்கிறன். எனக்கு இந்த லைன் வேணும்."

"என்ன புள்ள இது! இருநூறு சாரம் விலை பேசிட்டிருக்கன்!"

"வானொலி லைன் அறுந்துபோச்சு காக்கா. இதையும் தராட்டி பதினொரு மணிக்கு அறிவுப் போட்டியும் இல்ல."

முதலாளியுடைய மகள் பரீனா அந்தப் போட்டியில் இருந்தாள்.

"அல்லாஹ்வே! வெட்டு புள்ள, வெட்டு! சாரம் நாளைக்கும் விக்கலாம்!"

பதுளை சுவிச்போட்டில் குணதாச, சிங்களவர். ஆறு வருடமாக றீற்றாவுக்கு அவர் குரலாக மட்டுமே பழக்கம்; அவருக்கு அவள் 'நங்கி', தங்கச்சி. "நங்கி, கண்டியை நான் பிடிக்கிறேன். போனை வைக்க வேணாம்" என்றார் தன் உடைந்த தமிழில். கண்டி வந்தது. கொழும்பு வந்தது. கொழும்பு வானொலியின் கட்டுப்பாட்டறை, "கேக்குது, ஆனா கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி" என்றது. கண்டி ஒலியைக் கூட்டியது. "இப்ப சரி. அனுப்புங்க!"

றீற்றா மண்டபத்தை அழைத்தாள். "மைக்கைத் திறங்க. அவங்களப் பாடச் சொல்லுங்க."

"ஆர் கதைக்கிறது?" என்றார் ஹெக்டர்.

"சுவிச்போட். சுறுக்கா, ஐயா!"

சிவமணி பாட்டை எடுத்தார். கடல் உப்பும் வெயிலும் ஏறிய குரல். ஒரு அடியை அவர் எறிய, ஆறு தொண்டைகள் அதைத் தாங்கித் திரும்ப எறிந்தன. மூலை ரேடியோவில் புல்லாங்குழல் நின்றது. மலைகளைச் சுற்றிக் கொழும்புக்குப் போன அந்தப் பாட்டு அதே அறைக்குள் வந்து விழுந்தது. பேர்னாட் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினார். கீழேயிருந்த தபால்காரர்கள் படியேறி வந்து வாசலில் நெருங்கி நின்றார்கள்.

"நங்கி, இது என்ன பாட்டு?" குணதாச லைனில் மெல்லக் கேட்டார்.

"வலை இழுக்கிற பாட்டு."

"எனக்கு வார்த்தை விளங்கல்ல. ஆனா இழுக்கிறாங்க எண்டு விளங்குது. பாரம் விளங்குது."

றீற்றாவுக்குக் கண் நிறைந்தது. கை மட்டும் செருகியை விட்டு அசையவில்லை.

பதினொரு மணிப் போட்டியில் பரீனா கடைசிக் கேள்விக்குச் சரியாக விடை சொன்னாள். மஜீட் முதலாளி கடையில் நின்ற எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தாராம். நான்கு மணிக்கு லைன்காரர்கள் வெலிகந்தைக்கு அப்பால் யானை சாய்த்த கம்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை பதுளை வழியே ஒரு நிகழ்ச்சியும் தவறாமல் போனது. மேலதிகாரி வந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார். "மற்ற லைன் வந்தாலும் இரவு வரைக்கும் நீங்களே பாருங்க, மிஸ்" என்றார். பேர்னாட் முன்னமே எழுந்து தன் கதிரையை அவளிடம் தள்ளியிருந்தார்.

இரவு நாடகம் முடிந்ததும் ஹெக்டர் நன்றி சொன்னார். பாடியவர்கள், பேசியவர்கள், போட்டியில் வந்த பிள்ளைகள். கடைசியில், "இன்று உங்கள் வீடுகளுக்கு எங்கள் குரல் வந்து சேரக் காரணம், மட்டக்களப்புத் தொலைபேசி ஒப்பரேட்டர் செல்வி றீற்றா" என்றார்.

"புள்ள, உன்ர பேர்!" பேர்னாட் மேசையில் அடித்துக் கூவினார்.

அடுத்த நிமிடம் பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பு விளக்குகள் எரிந்தன. ஊரே அவளைக் கூப்பிட்டது. றீற்றா சிரித்துச் சிரித்து ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள்.