தொழில் நடக்கும் இடம்: நிக்டி, இரண்டாம் மாடி

கிறிஸ்டோபர் படம் எடுக்கும்போது யாரும் சிரிக்க வேண்டியதில்லை. அவன் எடுப்பது பல்சக்கரங்களை. பேரிங், வால்வு, பிரேக் தட்டு என்று சிஞ்ச்வட் பட்டறைகளில் பிறக்கும் சகல ஜீவராசிகளும் அவனுக்கு மாடல்கள். பல்சக்கரம் “கன்னம் குண்டாத் தெரியுது” என்று புகார் சொல்லாது. குரூப் போட்டோவில் தாய்மாமனை ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வராது. இருபத்து நாலு வயதில் இவ்வளவு தெளிவான தொழில் கொள்கை வேறு யாருக்கும் இருந்ததாக அவன் கேள்விப்பட்டதில்லை.

முதல் பெரிய வேலை ரங்கராஜன் மூலமாக வந்தது. கோயம்புத்தூர்க்காரர், சிஞ்ச்வட்டில் ஒரு கியர் கம்பெனியின் கொள்முதல் மேனேஜர். நானூறு உருப்படிகளுக்குப் படம் வேண்டும், மொத்தக் கேட்டலாக்கும் உங்களுக்குத்தான் என்றார். சாம்பிளுக்கு ஒரே ஒரு பல்சக்கரத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். படத்தைப் பார்த்ததும் போன் வந்தது.

“தம்பி, படம் சூப்பருங்க. ஜி.எஸ்.டி. நம்பர் அனுப்பிச்சுடுங்க. அது இல்லாம எங்க சிஸ்டம் உங்களைச் சேத்துக்காது. இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள வேணும், இல்லைன்னா வேற ஆளைப் பாக்கச் சொல்லிருவாங்க.”

“ஆயிரும் சார்,” என்றான் கிறிஸ்டோபர். போனை வைத்த பிறகுதான் ஜி.எஸ்.டி. நம்பர் எப்படி வாங்குவது என்று தேட ஆரம்பித்தான்.

வருடத்துக்கு இருபது லட்சம் தாண்டாத போட்டோகிராபர் வரிப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று சட்டம் கருணையோடு சொன்னது. அவன் வருமானத்துக்கும் இருபது லட்சத்துக்கும் நடுவே ரயில் விடலாம். ஆனாலும் விரும்பினால் பதிவு செய்துகொள்ளலாமாம். கிறிஸ்டோபர் விரும்பினான். வரி கட்டத் தானாக முன்வந்த குடிமகன் என்ற முறையில் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தியே நடந்தான்.

கம்பெனிக்குப் பெயர் வைக்க ஆறு நாள் ஆனது. ‘கிறிஸ்டோபர் இண்டஸ்ட்ரியல் இமேஜிங்’. பதவி: புரொப்ரைட்டர். ஊழியர்கள்: அதே புரொப்ரைட்டர். கடைப் பதிவுக்கான ஷாப் ஆக்ட் ரசீதை ஆன்லைனில் எடுத்தான். கரண்ட் பில் அப்பா பெயரில் இருந்ததால், நிக்டி வீட்டில் மகன் தொழில் செய்யத் தனக்குச் சம்மதம் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருந்தது.

அப்பா அந்தோணி தேஹு ரோடு ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் உதிரிபாகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். கடிதத்தையும் அப்படியே நாலு முறை சோதித்தார்.

“ஏலே, வீட்ட எழுதி வாங்குதியா?”

“அரே அப்பா, வெறும் பர்மிஷன்.”

“இதத்தான் எல்லாப் பயலும் சொல்லுதான்,” என்றபடி கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக, தொழில் நடக்கும் இடத்தின் புகைப்படம். எல்லோரும் போனில் கதவை ஒரு கிளிக் எடுத்து அனுப்பிவிடுவார்கள். கிறிஸ்டோபர் எல்லோரும் அல்ல. முக்காலி வைத்தான். இரண்டு விளக்கு போட்டான். எடுத்த படத்தோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, தொங்கும் வயர்களை அழித்தான். மீட்டர் பெட்டியை அழித்தான். சுவரின் ஈரத்தையும் கொடியில் காய்ந்த பனியனையும் எதிர்வீட்டுச் செருப்புகளையும் அழித்தான். கோணலாக இருந்த வீட்டு எண் பலகையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு, பிறகு நேராக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்துபோனான். அரசாங்கத்துக்கு அதுவரை யாரும் இவ்வளவு அழகான வீட்டை அனுப்பியிருக்க மாட்டார்கள்.

அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. ஒரு வாரத்தில் நோட்டீஸ் வந்தது. படத்தில் உள்ள இடம் குறிப்பிட்ட முகவரியாகத் தோன்றவில்லை; அதிகாரி நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வார்.

அதிகாரி வந்த வியாழக்கிழமை காலை கிறிஸ்டோபர் பெயர்ப் பலகை வாங்கக் கடைக்குப் போயிருந்தான். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன நிம்பாள்கர் மேடம், அரசாங்க வரலாற்றில் அரிதாக, பத்தரைக்கே வந்துவிட்டார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் படியேறியபோது அப்பாவின் இந்தி கேட்டது.

“இதர் குச் தந்தா நஹி மேடம். சிர்ஃப் ஃபேமிலி.” இங்கே எந்தத் தொழிலும் இல்லையாம், குடும்பம் மட்டும்தானாம். மகன் என்ன செய்கிறான் என்று மேடம் கேட்டார். மகன் தூங்குகிறான், அதைத் தவிர எதுவும் செய்வதில்லை, சிறுவயதிலிருந்தே அப்படித்தான் என்று அப்பா மாதாமேல் சத்தியம் செய்தார். மேடம் எழுதிக்கொண்டார்.

“அப்பா!”

“நீ வாய மூடு,” என்றார் அந்தோணி தமிழில், மேடத்தைப் பார்த்துச் சிரித்தபடியே. “ரெய்டு வந்திருக்காவ. நான் சமாளிச்சிட்டேன்.”

“ரெய்டு இல்லப்பா! தந்தா இருக்குன்னு சொல்லணும்! அதுக்குத்தான் வந்திருக்காங்க!”

“வரி ஆபீசருட்ட எவனாவது போய் இருக்குன்னு சொல்லுவானால?”

நிம்பாள்கர் மேடம் பேனாவை மூடவில்லை. வீட்டுக்காரரே தொழில் இல்லை என்கிறார், நான் என்ன எழுதட்டும் என்று கேட்டார். இன்று இல்லை என்று எழுதிவிட்டால் இருபத்தைந்தாம் தேதி கையில் நம்பர் இருக்காது. நானூறு பல்சக்கரமும் வேறு எவனையோ பார்த்துப் பளபளக்கும்.

சமையலறையிலிருந்து அம்மா ஜோசபின் கரண்டியோடு வந்தாள். காய்கறிச் சந்தையில் இருபத்தைந்து வருடம் தீட்டிய மராத்தி அவளுடையது. மேடத்தை நேராகச் சாப்பாட்டு மேசைக்கு அழைத்துப் போனாள். மேசைமேல் வெள்ளைத் தாள் வளைந்து எழுந்து நின்றது, இருபுறமும் விளக்குகள், நடுவில் ராஜா மாதிரி ஒரு பல்சக்கரம்.

“ஒரு மாசமா இந்த மேசைல சாப்பிட விடலை,” என்றாள் மராத்தியில். “நாங்க மூணு பேரும் தரைல உக்காந்து சாப்பிடறோம். இவர் முட்டி வலின்னு தினமும் புலம்புறார். தொழில் இல்லாமலா என் மேசையைக் கொடுப்பேன்?”

மேடம் முதல்முறையாகப் புன்னகை செய்தார். ஆனால் பதில் வீட்டுக்காரரிடமிருந்து வரவேண்டும் என்றார்.

கிறிஸ்டோபர் லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பினான். திரை முழுக்க ஒரே ஒரு பல். அந்தோணி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மகனின் படத்தை அவர் இதுவரை பார்த்ததில்லை; கல்யாணப் படம் எடுக்கத் துப்பில்லாதவன் என்பதே அவர் அபிப்பிராயமாக இருந்தது. இப்போது மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தார்.

“இந்த ஓரத்துல பிசிறு இருக்குல.”

“ஆமாப்பா.”

“லென்சு வச்சு முப்பத்து மூணு வருசம் பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு பிசிற நான் கண்டதில்ல.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “நீ எடுத்ததா?”

“புரொப்ரைட்டர் எடுத்தது,” என்றான் கிறிஸ்டோபர்.

அந்தோணி நிமிர்ந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். “தந்தா ஹை, மேடம்,” என்றார், பக்கத்து பிளாக்குக்கும் கேட்கும்படி. “பக்கா தந்தா. மேரா லட்கா மாலிக் ஹை. லிகோ.” தொழில் இருக்கிறது, என் மகன்தான் முதலாளி, எழுதுங்கள்.

மேடம் எழுதினார். பிறகு தன் போனில் இடத்தைப் படம் எடுத்தார். வயர், மீட்டர் பெட்டி, ஈரம், பனியன் எதுவும் விடுபடவில்லை. வீட்டு எண் பலகைக்குக் கீழே அந்தோணியும் நின்றார். ஆள் வேண்டாம், இடம் மட்டும் போதும் என்று மேடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். இடம் அவருடையது என்பதால் அவர் நகரவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் நம்பர் வந்தது. பதினைந்து இலக்கம். ரங்கராஜனுக்கு அனுப்பினான். “சேத்தாச்சுங்க தம்பி. திங்கக்கிழமை வண்டி அனுப்பறேன், முதல் அம்பது உருப்படி,” என்று பதில் வந்தது. அந்த ‘முதல் அம்பது உருப்படி’யை அவன் மூன்று முறை படித்தான்.

சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்பது விதி. கலரில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு வந்தான். ஹாலில் எல்லோர் கண்ணிலும் படும் ஆணி ஒன்றுதான் இருந்தது. அதில் தொழிற்சாலை அப்பாவுக்குப் பிரிவு உபசாரத்தில் கொடுத்த கடிகாரம் தொங்கியது.

“வேற எடம் பாக்கலாம்பா,” என்றான்.

அந்தோணி ஸ்டூல் போட்டு ஏறினார். கடிகாரத்தைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, சான்றிதழை மாட்டி, இரண்டடி தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்.

“விதின்னா விதிதான்,” என்றார் கடுப்போடு. “நாம என்ன செய்ய முடியும்?”

பிறகு கீழ்வீட்டுக்காரரைக் கூட்டி வரப் போனார்.