நிக்காம வந்த எஞ்சின்

எங்க வீட்டுக்காரர் பகல்ல பஸ் ஓட்டுவார், வீட்டுக்கு வந்தா பொம்மை ரயில் ஓட்டுவார். எனக்கு வாய்ச்சது அப்படி! பின்னறை முழுக்க வட்டமா மேசை, மேசை முழுக்க தண்டவாளம். நடுவுல இருக்கற இடத்துக்கு மேசைக்கு அடியில தவழ்ந்து போய் உட்கார்ந்துக்குவார். போதாக்குறைக்கு கொல்லைக்குப் போற கதவுக்கு முன்னாலயும் ஒரு பலகை, அதுமேல தண்டவாளம். நான் துணி காயப்போடப் போகணும்னா அந்தப் பலகையைத் தூக்கணும். தூக்கினா கரண்ட் அறுந்து, எஞ்சின் இருந்த இடத்துலயே நின்னுடும். அதுவரைக்கும் புத்திசாலிதான்.

ஆனா தடம் பிரியற இடத்துல துளியூண்டு பிளாஸ்டிக். அதுமேல சக்கரம் ஏறினா கரண்ட் கிடைக்காம எஞ்சின் சண்டித்தனம் பண்ணும். வோல்டேஜைக் கூட்டிப் பார்த்தார். மத்த இடத்துல தலைதெறிக்க ஓடி, வளைவுல கவுந்து, முன்விளக்கும் புஸ்ஸுனு போனதுதான் மிச்சம். உட்கார்ந்த இடத்துலேர்ந்து அவருக்கு அந்தத் தடம் பிரியற இடம் எட்டாது. "இந்தாம்மா, கொஞ்சம் வாயேன்!"னு குரல் வரும். நான் போய் விரலால ஒரு தள்ளு தள்ளுவேன். "நீ தொட்டாத்தான் போகுது பாரு"ம்பார். ஐஸ் வைக்கறார்னு தெரியும். தெரிஞ்சும் இளிச்சுக்கிட்டுத்தான் திரும்புவேன்.

போன மாசம் எனக்கு முழங்கால் பிடிச்சுக்கிச்சு. வலியில, "நான் என்ன உங்க ரயிலுக்குக் கூலியாளா?"ன்னு எரிஞ்சு விழுந்தேன். மனுஷன் அதுக்கப்புறம் கூப்பிடவே இல்லை. முதல்ல அப்பாடான்னு இருந்தது. அப்புறம் என்னவோ மாதிரி ஆயிடுச்சு. சத்தியமா சொல்றேன், அழுகை வந்தது.

நேத்து துணி வாளியோட போறேன், எஞ்சின் அந்த பிளாஸ்டிக்கை நிக்காமத் தாண்டுது.

"கெபாசிட்டர் வெச்சுட்டேன்"னார் பெருமையா. "கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கும். அறுந்தாலும் ஓடும். இனிமே யார் தயவும் வேண்டாம்."

யார் தயவாம்! பத்திக்கிட்டு வந்தது. விருட்டுனு பலகையைத் தூக்கினேன். எஞ்சின் நிக்கலை. நிக்காதுன்னு இப்பத்தானே சொன்னார், ரெண்டு பேருக்குமே உறைக்கலை! பலகை இல்லாத பக்கமா கடகடன்னு வருது. வாளியைப் போட்டுட்டு, முழங்கால் தரையில மோத, ரெண்டு கையாலயும் ஏந்திட்டேன். சக்கரம் உள்ளங்கையில கொஞ்சம் சுத்திட்டு ஓஞ்சது.

அவர் மேசைக்கு அடியில தலையை இடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். எஞ்சினைப் பார்க்கவே இல்லை. "முட்டி என்னாச்சு?"ன்னார், முகமெல்லாம் வெளிறி.

"முட்டி கிடக்கட்டும். ஏன் கூப்பிடறதை நிறுத்தினீங்க?"

"உனக்குக் கால் வலிக்குதேன்னுதான் இதையே வெச்சேன்."

"வலிச்சா கத்துவேன். கத்தினா விட்டுடுவீங்களா? நீங்க கூப்பிடாத வீட்ல எனக்கு இருக்கவே பிடிக்கலைங்க."

அவர் என் முட்டியையே தடவிக்கிட்டிருந்தார்.

இன்னிக்கு லீவு போட்டுட்டார். காலையிலேர்ந்து உள்ள ரம்பச் சத்தம். ரோஷம், நான் எட்டிப் பார்க்கலை. சாயங்காலம் குரல் வந்தது.

"இந்தாம்மா, கொஞ்சம் வாயேன்!"

"என்ன, நின்னுடுச்சா?"

"இல்ல, ஓடுது. நீ வா."

போனேன். நான் குனியாம உள்ள நுழைய, மேசையில ஒரு பக்கத்தை அறுத்து வழி விட்டிருந்தார். நடுவுல அவர் நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி. வட்டம் போனதுல ரயிலுக்குச் சுத்த வழியில்லை. கொஞ்ச தூரம் முன்னால போறதும், பின்னால வர்றதுமா இருந்தது.