கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை

இருபத்தாறாவது வாரத்தில் என் எடை இரண்டு கிலோதான் கூடியிருந்தது. மருத்துவச்சி அன்னெலி என் வயிற்றை நாடாவால் அளந்து, தாளில் ஒரு புள்ளி வைத்தாள். அது இருக்க வேண்டிய கோட்டுக்கு வெகு கீழே விழுந்தது. ஒரு மாதம் பார்ப்போம், அதற்குள் எடை ஏறாவிட்டால் உமேயோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும், ஒருவேளை பிரசவம் வரைக்கும்கூட என்றாள். உமேயோ எங்கள் ஊரிலிருந்து நூற்று முப்பது கிலோமீட்டர். அங்கே என்னை வந்து பார்க்க யாரும் இல்லை. நான்கு கட்டில் போட்ட அறையில், அடுத்தவர்கள் பார்க்க மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.

யாராவது பார்த்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது. பள்ளிக்கூடத்தை விட்டதே அங்கிருந்த சாப்பாட்டுக் கூடத்தால்தான். வீட்டில் தனியாக உருளைக்கிழங்கு அவித்தாலோ, அந்த ஆவியிலேயே குமட்டியது.

உடம்பு அசைந்தால் பசி வரும் என்று அன்னெலி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை ஐந்து மணி, நூலகத்தின் கீழ்த்தளம், கர்ப்பிணிகளுக்கு யோகா.

என்னையும் சேர்த்து ஆறு பேர். ஆசிரியை மாரித் எங்களைக் கையையும் முழங்காலையும் ஊன்றச் சொன்னாள். மூச்சை விடும்போது பூனைபோல முதுகைத் தூக்க வேண்டும். உள்ளே குழந்தை மெல்லப் புரண்டது. பக்கத்துப் பாயில் தோவே. மரம் ஏற்றும் லாரி ஓட்டுபவள், ஏழு மாதம்.

"இனிமே என்னைக் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும்" என்று முனகினாள்.

அன்று பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

வகுப்பு முடிந்ததும் காபி, ஏலக்காய் ரொட்டி. எங்கள் ஊர்ப் பக்கம் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. அதைப் பாதியாக வெட்டுவார்கள், பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். முடிவில் நகத்தளவு பொருக்கு ஒன்று தட்டில் கிடக்கும். நான் வெறும் காபி குடித்துவிட்டு, பாத்திரம் கழுவுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். தொட்டிப் பக்கம் நின்று அந்தப் பொருக்கை வாயில் போட்டேன். துடைக்கும் துணி எடுக்க வந்த தோவே அதைப் பார்த்தாள். துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வியாழன் இரண்டு முழு ரொட்டிகள் மீந்தன. அதற்கடுத்த வாரம் நான்கு அவித்த முட்டைகளும் ஒரு கட்டி சீஸும். யாருக்கும் வேண்டாமாம்.

"என் ஃப்ரிட்ஜ்ல இடமே இல்ல. நீ எடுத்துட்டுப் போகலேன்னா இங்க எலிதான் குடித்தனம் பண்ணும்" என்றாள் தோவே. மற்றவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுகளும் நிறைந்துதான் இருந்தனவாம். நான் நம்பினேன். பாவம், இவர்களுக்குப் பசியே இல்லை போலிருக்கிறது என்று வருத்தம்கூடப் பட்டேன். சமையலறையில் நின்று கொஞ்சம் தின்பேன். மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கள்கிழமை வரை வைத்துக்கொள்வேன். அடுப்பு மூட்ட வேண்டாததால் குமட்டலும் இல்லை. பிறகு, முட்டை தீர்ந்தால் நானே வாங்கத் தொடங்கினேன்.

மாதக் கடைசியில் இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. புள்ளி கோட்டைத் தொட்டது.

"உமேயோ வேண்டாம், திண்ட்ரா. அப்படி என்னதான் சாப்பிட்டே?" என்று அன்னெலி கேட்டாள்.

நான் வரிசையாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தபோதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் உடம்பை வளைத்த வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எங்காவது நான்கு முட்டைகளை மிச்சம் வைப்பார்களா?

அந்த வியாழன் காபி மேசையில் என் எடையைச் சொன்னேன். நன்றி என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"எங்ககிட்ட ஏண்டி சொல்றே? தின்னது நீ" என்றாள் தோவே.

நான் எழுந்து சமையலறைக்குப் போகவில்லை. தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தேன். உடனே ஐந்து பேரும் பனிக்கால டயரின் விலையைப் பற்றி மும்முரமாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. மாரித் மட்டும், ஜன்னலைப் பார்த்தபடியே, வெண்ணெயை என் பக்கம் நகர்த்தினாள். தடவி, கடித்தேன். இறங்கியது.