பாலத்தின் மேல் கதவு திறக்கப்படாது

டிப்போவில் எனக்குச் சட்டப் புத்தகம் என்று பெயர். வைத்தது யாரென்று எனக்குத் தெரியும், கேட்டால் நான் இல்லை என்பான். பதினோரு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன், நிறுத்தம் இல்லாத இடத்தில் ஒரு தடவைகூடக் கதவைத் திறந்ததில்லை. சிக்னலில் நிற்கும்போது தெரிந்தவர்கள் ஓடிவந்தால் மற்ற டிரைவர்கள் திறந்துவிடுவார்கள். என் பெரியம்மாவே ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினாள். அடுத்த நிறுத்தத்தைக் கைகாட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சனி, ஞாயிறு எங்களுக்கு லீவு கிடையாது. ஊரே ஆட்டம் பார்க்கக் கிளம்பும், ஊரை ஏற்றிப் போக நாங்கள் வேண்டும். அடுத்தவர் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க அடுத்தவர்களைக் கொண்டுபோய் இறக்கி இறக்கியே என் சனிக்கிழமைகள் கழிந்தன. என் மகள் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அவள் காலுறையிலிருந்து செம்மண்ணைக் கசக்கித் துவைத்திருக்கிறேன், அவ்வளவுதான் எனக்கும் அவள் ஓட்டத்துக்கும் இருந்த சம்பந்தம்.

அந்தச் சனிக்கிழமை இளையோர் அணிக்கான தேர்வு ஓட்டம். பதினெட்டு முடியாதவர்களுக்கு மட்டும். அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது, இதை விட்டால் இன்னொன்று இல்லை. மூன்றே முக்காலுக்குள் மைதானத்தில் பெயர் கொடுக்க வேண்டும், நாலு மணிக்கு ஓட்டம். அதே நேரத்தில் பக்கத்துப் பெரிய அரங்கத்தில் கால்பந்து. அதற்காக விடும் ஸ்பெஷல் பஸ்ஸை, டைம்கீப்பரிடம் மூன்று வாரம் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கினேன். இரண்டு நாற்பதுக்குக் கிளம்பினால் மூன்று பத்துக்கு அரங்கம். திரும்புவது நாலே காலுக்கு. நடுவில் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு.

"என் பஸ்லயே வாடி. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ரயில்னா லேட்டாகாதும்மா. நான் எப்பவும் அதுலதானே போறேன்?"

"ஏன், என் பஸ்ஸு மட்டும் லேட்டாகுமா? உங்க ரயில் டிரைவர் உனக்காக வேலிகிட்ட நின்னு பார்ப்பானா?"

அவள் சிரித்துவிட்டாள். "சரி, கடைசி வளைவுல நில்லு. அங்கதான் எனக்குக் கால் கனத்துப்போகும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

மூன்று மணிக்கு மேம்பாலத்தில் ஏறினோம். மூன்று இரண்டுக்கு நின்றோம். எங்கே அடைப்பு, ஏன் அடைப்பு, ஒன்றும் தெரியாது. முன்னால் ஒரு பஸ்ஸின் முதுகு, பின்னால் ஒரு பஸ்ஸின் மூக்கு. கதவுப் பக்கம் பாலத்தின் சுவருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம் சந்து, அதில் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போயின. அரங்கத்தின் விளக்குக் கம்பங்கள் கண்ணெதிரே நின்றன. நடந்தால் இருபது நிமிடம். என் மகள் ஓடினால் ஆறு.

பஸ்ஸில் ஒரு சீட்டுகூடக் காலியில்லை. எல்லாரும் பந்தாட்ட ரசிகர்கள், முகத்தில் சாயம், தோளில் கொடி. ஒருவர் இடுப்பில் மேளம் கட்டியிருந்தார். முதல் பத்து நிமிடம் பாடினார்கள். அடுத்த பத்து நிமிடம், வண்டிகளை ரேடியோவில் நடத்தும் கன்ட்ரோல் ரூமைத் திட்டினார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள்.

"டிரைவரம்மா, கதவத் திறங்க. நடந்தே போயிடறோம்."

"பாலத்து மேல திறக்கக் கூடாதுங்க."

"பஸ்ஸே ஓடலையே, அப்புறம் என்ன பாலம்?"

தலைக்கு மேல் ஒட்டியிருந்த 'பாலத்தின் மேல் கதவு திறக்கப்படாது' என்ற வாசகத்தைக் காட்டினேன். அது சும்மா ஒட்டியதல்ல. இரண்டு வருடத்துக்கு முன் இதே பாலத்தில், இதே மாதிரி அடைப்பில், எங்கள் ஆள் ஒருவர் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தார். இறங்கியவரின் இரண்டாவது கால் தரையைத் தொடவில்லை, அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அந்த டிரைவர் இப்போது டிப்போ ஸ்டோரில் துடைப்பம் எடுத்துக் கொடுக்கிறார். பஸ் சாவியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதையெல்லாம் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒருவர் கதவைக் குத்தினார். ஒருவர், வண்டி ஓட்டப் பெண்களை விட்டால் இப்படித்தான் என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து திரும்பி நின்றேன்.

"உங்களுக்காவது ஆட்டம் பார்க்கற அவசரம். அதோ, மூணாவது சீட்டுல நீலப் பையோட உட்கார்ந்திருக்காளே, அவ என் பொண்ணு. மூணே முக்காலுக்கு அவ மைதானத்துல இருக்கணும். இல்லன்னா அவ ஓட்டம் இன்னியோட முடிஞ்சுது. அவளுக்கே நான் திறக்கல. உங்களுக்குத் திறப்பேனா?"

எவ்வளவு நல்ல பதில் என்று ஒரு கணம் எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த கணம் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்கலாமா என்று அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவளின் வாயை, நாற்பது பேர் முன்னால் நான் அடைத்துவிட்டேன். அவள் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள்.

மணி மூன்று இருபத்தெட்டு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. என்னைக் கடித்துக் குதற வந்த கூட்டம் அப்படியே கட்சி மாறிவிட்டது. "நாங்க யாரும் இறங்கல. பொண்ண மட்டும் விடுங்கக்கா" என்றார் கதவைக் குத்தினவர். "எங்க ஆட்டம் அடுத்த வாரமும் வரும்" என்றார் பெரிய கொடி வைத்திருந்த ஒருவர். ஒருவர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

நான் கதவோரச் சந்தின் பக்கம் பார்த்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் போனது, இன்னொன்று, உடனே இன்னொன்று. அவளை அங்கே இறக்க எனக்கு மனம் வரவில்லை.

மேளக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். "ஏம்மா, யாருக்காவது மயக்கம்னா திறப்பீங்கதானே?"

திறக்கலாம். மெடிக்கல் என்றால் விதி வேறு. கன்ட்ரோலில் இருப்பவர்கள் பின்னால் நிற்கும் பஸ்ஸைச் சுவரோரம் ஒடித்து நிறுத்தச் சொல்லி, பைக் வரும் வழியை அடைத்துவிடுவார்கள். அப்புறம் கதவைத் திறக்க அனுமதி. ஒரு பைக்கும் வராது. அவள் பூப்போல இறங்கிப் போகலாம். இதை நான் சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் கேட்டால் சொல்லிவிடுவது என் சுபாவம்.

"அவ்வளவுதானே!" என்று மேளத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பெரிய மனிதர் நடைபாதையில் மல்லாந்து படுத்தார். வாயைக் கோணலாக வைத்துக்கொண்டார். கொடிக்காரர் கொடியால் விசிறினார். "நெஞ்சு, நெஞ்சு" என்று யாரோ கத்தினார்கள். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகள்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றாள்.

மூன்று முப்பத்தாறு. நான் ரேடியோவை எடுத்தேன்.

"கன்ட்ரோல், ஸ்பெஷல் நாலு. ஒரு பயணிய இங்க இறக்கணும்."

"மெடிக்கலா?"

ஒரே வார்த்தை. ஆமா என்றால் முடிந்தது. கீழே படுத்திருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கண்ணாடியில் என் மகள் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவளா நான்? பல் டாக்டரிடம் வலிக்கவில்லை என்று சொன்னவள். ஆனால் இந்தச் சீட்டில் உட்கார்ந்து, இந்த ரேடியோவில், பதினோரு வருடமாக நடந்ததை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நாக்கு பழகிய தடத்திலேயே போய்விட்டது.

"இல்ல" என்றேன்.

"அப்ப முடியாது. வெயிட் பண்ணுங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேளக்காரர் மெதுவாக எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார். மறுபடி கூப்பிடு, இப்போது மயக்கம் வந்துவிட்டது என்று சொல் என்றது உள்ளே ஒரு குரல். ரேடியோ கையிலேயே இருந்தது. மூன்று நாற்பது ஆனது. மூன்று நாற்பத்திரண்டு. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது பேரோடு நானும் அடைபட்டிருந்தேன், பூட்டைத் திறக்கும் பட்டன் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மூன்றே முக்காலுக்கு அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ரேடியோவை மாட்டினேன்.

மூன்று ஐம்பதுக்கு முன்னாலிருந்த பஸ் நகர்ந்தது. ஏன் நின்றோம் என்று தெரியாத மாதிரியே ஏன் நகர்ந்தோம் என்றும் தெரியவில்லை. நாலு நிமிடத்தில் அரங்கத்து நிறுத்தத்தில் நின்றேன். பட்டனை அமுக்கினேன், கதவு திறந்தது. ஒருவரும் இறங்கவில்லை. அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

"ஓடு தாயி" என்றார் மேளக்காரர். "கேட்டுப் பார்ப்போம், ஓடு."

அவள் ஓடினாள்.

முன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொடிகளுக்கும் கார்களுக்கும் நடுவே, நீலப் பை முதுகில் துள்ள, தலையை ஆட்டாமல், கைகளை விலாவோடு ஒட்டி வைத்து ஓடினாள். கூட்டம் தானாக விலகியது. இவ்வளவு அழகாக ஓடுவாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இருநூறு மீட்டர் இருக்கும். மைதானத்துக் கேட்டில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைக் காட்டினார், கடிகாரத்தைக் காட்டினார். அவள் என்னவோ சொன்னாள். அவர் தலையசைத்துக் கையை விரித்தார். பாவம், அவரும் ஒரு சட்டப் புத்தகம். நான் வயிறெரிந்து அவரைச் சபித்தேன்.

அவள் நடந்து திரும்பி வந்தாள். பஸ் காலி. பழைய மூன்றாவது சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

"ரிட்டர்ன் எத்தனை மணிக்கு?"

"நாலே கால்."

மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது. அவள் விரல் தன்னையறியாமல் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கியது. நான் திரும்பவில்லை, கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனதும் மறுபடி அமுக்கினாள்.

"இப்ப முடிச்சிருப்பேன்" என்றாள்.

நான் செய்தது சரி. யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். அதுதான் என்னை வாட்டியது. "என்னை நாலு வார்த்தை திட்டிடுடி" என்றேன்.

அவள் ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"அந்தாளு கீழே படுத்தாரே, அப்ப அவருக்குப் பதிலா நானே விழுந்திருக்கலாம். நான் விழுந்திருந்தா நீ கேட்காமலே மெடிக்கல்னு சொல்லியிருப்ப, இல்ல?"

ஆமாம், சொல்லியிருப்பேன்.

"நெனச்சேம்மா. சீட்டைப் பிடிச்சுக்கிட்டே நெனச்சேன். பொய்யா விழ எனக்கும் வரல."

நாலே காலுக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பாலத்தின் மேல் ஒரு வண்டிகூட இல்லை.