பொடி மேல் போட்ட பழி

எனக்குக் கார் என்றாலே வெறுப்பு. அடுத்தவர் காரைத்தான் சொல்கிறேன். சொந்தமாக எங்களுக்கு ஒரு ஓட்டை சைக்கிள்கூடக் கிடையாது. காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் இருட்டும்வரை வாளிக்குள் கை. இந்தக் கார் கழுவும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. ஆனால் களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் யார் காதில் ஏறும்? சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டாமா?

அதனால் விரல் இடுக்கில் தோல் வெடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதிதான்.

கார் ஷாம்பூவை என் வீட்டுக்காரரே டிரம்மில் கலப்பார். நுரைக்கிற சரக்கோடு ஒரு வெள்ளைப் பொடியும் போடுவார். இ.டி.டி.ஏ. என்று பெயர். எங்கள் போர் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் பொடியின் வேலை. அது பிடித்துக்கொண்டால்தான் சோப்பு ஒழுங்காக நுரைக்கும், காரில் வெள்ளைத் திட்டு விழாது.

என் கையைப் பார்த்ததும் அவர் செல்போனில் எதையோ படித்தார். "எல்லாம் இந்தப் பொடி பண்ற வேலை. பேரே ரசாயனம் மாதிரி இருக்கு, உடம்புக்கு ஆகுமா?" என்று அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார். நமக்காகத்தானே செய்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொடி போனதும் நுரையும் போனது. நுரை இல்லாவிட்டால் அழுக்குப் போகாது என்பது எங்கள் கடையில் எழுதாத சட்டம். ஒரு மூடி ஷாம்பூ ஊற்றிய வாளியில் நாலு மூடி ஊற்றினேன். அப்படியும் கறுப்புக் கார்கள் காய்ந்ததும் புள்ளி புள்ளியாக நின்றன. மறுபடி ஷாம்பூ, மறுபடி தேய்ப்பு. கையுறை போட்டால் துணிக்கடியில் மணல் இருப்பது தெரியாது, பெயின்ட் கீறிவிடும் என்று வெறுங்கைதான். கடைசியில் ஒரு துணியைப் பிழியக்கூட முடியாமல் கை ரணமாகிவிட்டது.

தோல் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"பொடியைக் கொட்டும்போது கண்ணுல மூக்குல போகக் கூடாது, அதுக்கு ஜாக்கிரதை வேணும். ஆனா நீங்க கலக்குற அளவுக்குக் கை இப்படி வெடிக்காதும்மா. தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையெல்லாம் சோப்புதான் உருவி எடுக்குது. பொடியை நிறுத்திட்டு சோப்பை நாலு மடங்கு ஊத்தினா அப்புறம் எப்படி? ஆறுற வரைக்கும் ஈரத்துல கை வைக்காதீங்க. அதுக்கப்புறம் கையுறை இல்லாம வேலையே கூடாது."

வீட்டுக்கு வந்து பாதியைத்தான் சொன்னேன். ஈரம் ஆகாது என்றேன். பொடியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பதறிப்போய், "நீ கடைப்பக்கமே வராதே. தங்கச்சியைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அவர் தங்கச்சி வந்ததும், வாளியில் எவ்வளவு ஊற்றுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பட்டப்பகலில் தூங்கினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை. தோல் மூட ஆரம்பித்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சாவி கொடுக்க ஒருநாள் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் நாத்தனார் கையைத் துணிக்குப் பின்னால் கொண்டுபோனாள். இழுத்துப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து வெடித்திருந்தது.

"எனக்கும் வந்துடுச்சு அண்ணி. உங்க கைராசி" என்று சிரித்தாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், ஆள் இல்லாம திண்டாடும்."

"எவ்வளவு ஊத்துற?"

"நாலு மூடி. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே."

நான் வாயை மூடிக்கொண்டு தூங்கிய தூக்கத்துக்கு இவள் கை போயிருக்கிறது. டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்த அவரிடம் நேரே போய் டாக்டரம்மா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவ்வளவுதானா! இன்னைக்கே பொடி வாங்கிடறேன், கையுறையும் வாங்கிடலாம். உனக்கும் ஆறிடுச்சே, நாளையிலிருந்து நீயே வந்துடலாம்!"

"நான் வரலைங்க."

"ஏன், இன்னும் வலிக்குதா?"

"இல்லை."

"பின்னே எங்கே வலிக்குது?"

"எங்கேயும் வலிக்கலைங்க. எனக்குக் களைப்பா இருக்கு. அவ்வளவுதான்."

அவர் கோபப்படுவார் என்று நின்றேன். குழாயை மூடினார். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வெளியே ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கும்தான்" என்றார்.