வின்னியின் வேலிக்கு வெளியே நின்ற உறைபனி

கார்பர்ன் ஊரில் பத்துக் குளிர்காலம் உறைபனி வின்னி டாட்ஸின் தோட்டத்துக்குள் மட்டும் நுழையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைக்கோசு வெளுத்து விறைத்து நிற்கும். இந்தப் பக்கம் டேலியா பூத்து நிற்கும். வினை ரெக் ஸ்டோபர்ட்டின் வாயால் வந்தது.

ரயில்பாதை ஓரத்துத் தோட்டங்கள் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துடையவை. ஆண்கள்தான் உறுப்பினர், புருஷன் செத்தால் பெண்டாட்டி நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வின்னியின் புருஷன் எர்னி டாட்ஸின் நெஞ்செல்லாம் நிலக்கரித் தூசி. கடைசி வருஷங்களில் அவர் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து புகைபிடித்தார், கொத்தியதெல்லாம் வின்னி. ஊருக்கே தெரியும், தெரிந்து என்ன புண்ணியம்? எர்னியின் அடக்கம் முடிந்து பன்றிக்கறி சாண்ட்விச்சும் தேநீரும் பரிமாறும்போது சங்கத் தலைவர் ரெக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த தோட்டம் அவருடையது. எர்னியின் மண்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அவசரமில்ல வின்னி. மொத உறைபனி உன் தோட்டத்துல விழட்டும், டேலியாக் கிழங்கத் தோண்டிக்க, அப்புறமா சாவியக் குடு."

அங்கே யாரும் இதற்குத் தேதி சொல்வதில்லை. பனிபட்டு இலை கருகினால்தான் கிழங்கைத் தோண்டுவார்கள். வின்னி எல்லார் முகத்தையும் பார்த்து, "விழட்டும், தரேன்" என்றாள்.

அந்த வருஷம் குளிர்காலம் வருகிற வழியையே மறந்துவிட்டது. மழை, மழை, வெதுவெதுப்பான மழை. ரெக் காய்கறிப் போட்டிக்கு வளர்த்த, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக் தண்டுகள் அழுகின. கிறிஸ்துமஸ் மேசையில் புட்டிங்குக்குப் பக்கத்தில் வின்னி புது டேலியாவை வைத்தாள். பொறுக்கமாட்டாத ரெக் மீன் சந்தையிலிருந்து ஒரு தள்ளுவண்டி ஐஸ் கொண்டுவந்து வின்னியின் பாத்தியில் கொட்டினார். அது ஆவி பறக்கும் வெந்நீராகி மண்ணில் இறங்கியது. அந்த வாரமே பூக்கள் தட்டளவுக்கு விரிந்தன.

"நாளைக்கும் ஒரு வண்டி கொண்டா ரெக். செடிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு" என்றாள் வின்னி.

மார்ச்சில் ஒரு காலை ஒருவழியாக உறைபனி வந்தது. ரயில் மேட்டிலிருந்து இறங்கி, ரெக்கின் தோட்டத்தை வெளுத்து, வின்னியின் வேலிவரை வந்து, சுற்றிக்கொண்டு போய்விட்டது.

"விழுந்துடுச்சில்ல? சாவிய எடு!"

"என் பாத்தில எங்க விழுந்துச்சு? காட்டு."

சங்கத்தார் குனிந்து தேடினார்கள். சாவு வீட்டில் சாட்சி வைத்துக் கொடுத்த வாக்கை மீற எவனுக்கும் துணிச்சல் இல்லை.

அதன்பின் கடுங்குளிர் வந்த வருஷங்களிலும் அப்படியே. ஆனால் குளிர்காலத்தில் கிழங்காகத் தூங்கி எழாத டேலியா எத்தனை நாள் தாங்கும்? பூக்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கின. வின்னி கொட்டகைக்குள் உட்கார்ந்து அழுததும் உண்டு.

"போதும்டி, குடுத்துத் தொலை" என்றாள் தங்கை ஹில்டா.

"பூவும் களைச்சுப்போச்சு, நானும் களைச்சுட்டேன். அதுக்காக? சங்கத்துல என் பேர எழுதட்டும், அப்புறம் பனி வரட்டும்."

பிறகு சுரங்க வேலைநிறுத்தம் வந்தது. சம்பளம் நின்ற ஊருக்குப் பெண்கள் பொது அடுப்பு மூட்டினார்கள். இலையுதிர்காலத்தில் ஒருநாள் ரெக் தட்டேந்தி வரிசையில் நின்றார். வின்னி லீக் சூப்பை நிரம்ப ஊற்றினாள்.

"மொதல்ல சாப்புடு. சாப்புட்டுட்டுச் சொல்லு, இந்த லீக்கு யாரு தோட்டத்துது?"

ரெக் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். எழுந்து நின்று, "வின்னி தோட்டத்துதுதான். அவள அவ பேர்லயே சங்கத்துல சேத்துக்கலாம்னு சொல்றவங்க கையத் தூக்குங்க" என்றார். தன் கையைத்தான் முதலில் தூக்கினார். கரண்டி பிடித்திருந்த பெண்களும் கை தூக்கினார்கள். வரிசையில் நின்ற சங்கத்தாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்கினார்கள்.

அன்று சாயங்காலம் வின்னி தோட்டத்துக் கதவை விரியத் திறந்து, "ம், இப்ப வா" என்றாள்.

காலையில் டேலியாவெல்லாம் கருகியிருந்தது. வின்னி கிழங்குகளைத் தோண்டி, மண்ணை உதறி, தலைகீழாகப் பெட்டியில் அடுக்கினாள். அவள் தோண்டத் தொடங்கும்போதே ரெக் வந்து தன் மண்வெட்டியைத் தந்துவிட்டு, இந்த வருஷம் பனி சீக்கிரம் என்று சொல்லிப் போனார். வேலை முடிந்ததும் அவள் கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.