வாளி வெயில்

சூளைப் பக்கம் இருக்கிற கம்பளிக்காரத் தெருவுக்கு வெயில் வருவதில்லை. அதனால் பக்கத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் அங்கே வாளியில் வெயில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பாடத்துக்குச் சேவைக் கல்வி என்று பெயர்.

வெயில் பிடிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எவர்சில்வர் வாளியைக் காலையில் மைதானத்தின் நடுவில் திறந்து வைத்தால் மெல்ல நிரம்பிவிடும். பிளாஸ்டிக் வாளி இளகும், ஆகாது. மூடி போட்டு, மேலே ஈரச்சாக்கைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனால் வழியில் அதிகம் சிந்தாது. ஒரு வீட்டுக்கு ஒரு வாளி. சிக்கனமாகச் செலவழித்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வரும்.

பெனினா அந்த வகுப்பில்தான் படித்தாள். குடியிருந்தது கம்பளிக்காரத் தெருவில். ஆகவே சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை கொஞ்சம் அதிகம். மற்றவர்களோடு வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வருவாள். அங்கே அதைத் தோழி விஷ்ணுமாயாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாள். அம்மாவுக்குப் பக்கத்தில் வாசலில் நின்று, விஷ்ணுமாயா நீட்டுகிற வாளியை வாங்கிக்கொண்டு நன்றி சொல்வாள். பிறகு போன வாரத்துக் காலி வாளியோடு திரும்ப ஓடி வரிசையில் சேர்ந்துகொள்வாள். ஆரம்பத்தில் இது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கொடுக்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் தனித்தனியாகத் தந்த பிஸ்கட்டில் அவளுக்கு இரண்டு பங்கு.

ஒரு சனிக்கிழமை போட்டோ எடுக்கும்போது வகுப்பாசிரியை பத்மாசினி மிஸ் கேமராவை இறக்கினார்.

"பெனினா, நீ குடுக்கிற பக்கமா, வாங்குற பக்கமா? ஒரு பக்கமா நில்லும்மா. படத்துல ரெண்டு பெனினா விழுது."

பெனினா இந்தப் பக்கம் ஓரடி வைத்தாள். அந்தப் பக்கம் ஓரடி வைத்தாள். எங்கேயும் நிற்க வரவில்லை. கடைசியில் படத்துக்கு வெளியே போய் நின்றாள்.

மறுநாள் சாயங்காலம் வாளியின் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச வெயிலைக் கரண்டியால் சுரண்டி யூனிஃபார்ம் காலரில் தடவினாள். காலர் மட்டும் காய்ந்தது. திங்கட்கிழமை எப்போதும்போல ஈரப் பாவாடையோடு பள்ளிக்குப் போனவள், வகுப்பில் எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க தெருவுக்கு வெயில் ஏன் வரதில்ல?"

பத்மாசினி மிஸ் யோசித்தார். எத்தனையோ வருஷமாக வாளி தூக்கவைத்தும் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதில்லை. "தெரியலையேம்மா. போய்ப் பார்த்துடலாமே" என்றார்.

தலைமையாசிரியருக்குத்தான் கவலை. வெயில் கொடுத்ததற்காகப் பள்ளிக்குக் கிடைத்த கோப்பை அவர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. "காரணத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னா அடுத்த வருஷம் பிள்ளைங்க எங்க போய் சேவை பண்ணும்?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மிஸ்ஸும் பிள்ளைகளும் தெருவின் கிழக்கு முனையில் நின்று பார்த்தார்கள். வெயில் மெயின் ரோட்டில் நிதானமாக வந்தது. டீக்கடையைத் தாண்டியது. தெருவுக்குள் திரும்பப் போகிற சமயத்தில் அண்ணாந்து பார்த்துத் தயங்கி நின்றது. பிறகு அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அது நின்ற இடத்துக்கு நேர் மேலே 'நுழையக் கூடாது' என்று ஒரு போர்டு இருந்தது. அந்தக் காலத்தில் கம்பளிக் குடோனுக்கு வந்த லாரிகளுக்காக வைத்தது. குடோனை மூடிவிட்டார்கள், போர்டு நின்றுவிட்டது.

"பாவம், ரூல்ஸ மதிக்குது" என்றாள் விஷ்ணுமாயா.

அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். டிராஃபிக் இன்ஸ்பெக்டர் அவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். "எடுத்துடலாம். ஆனா தெருக்காரங்க வந்து சொல்லணும். நீங்க சொல்லி எடுக்க முடியாது. உங்களுக்குத்தான் வெயில் இருக்கே."

"நான் தெருக்காரிதான் சார்" என்றாள் பெனினா.

"யூனிஃபார்ம்ல இருக்கியேம்மா."

அதுவும் நியாயம்தான்.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் வாளி இல்லாமல் தெருவுக்குப் போனார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று முதலில் தெரியவில்லை. வாளி கொடுக்க 'இந்தாங்க'வும் 'நன்றி'யும் போதுமாக இருந்ததால் எந்த வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இப்போது உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. மோமோ வண்டிக்காரர் வீட்டில் விஷ்ணுமாயா நேபாளியில் பேசினாள். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் தங்கியிருந்த அறையில் ஹேமந்த் இந்தியில் பேசிக் கூடவே ரொட்டியும் தின்றான். ரஃபியா உருதுவில் ஆரம்பித்த வீட்டில் கடைசியில் எல்லோரும் தமிழில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தால் தலை வலிக்குமோ என்று ஒருவர் பயந்தார். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான பயங்கள்தான். ஆனாலும் வருவதாகச் சொன்னார்கள்.

வரமாட்டேன் என்றது பெனினாவின் அம்மா சலோமி மட்டும்தான்.

"எதுக்குடி? வாரா வாரம் நாலு புள்ளைங்க வாசல்ல வந்து நிக்குது. எப்டி இருக்கீங்கன்னு ஒரு வார்த்த கேக்குது. வெயிலு தானா வந்துட்டா அப்புறம் எவ வருவா இந்தத் தெருவுக்கு?"

அம்மா பெனினாவின் ஈரச் சட்டையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஆவி எழும்பி அம்மாவின் முகத்தை மறைத்தது.

"சரிம்மா, வராத. ஆனா ஒண்ணு சொல்லு. வர்ற சனிக்கிழமை போட்டோல நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

சலோமி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

தெருவே ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. "வெயில் வேணுமா?" என்று இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். அவரவர் பாஷையில் வேணும் என்றார்கள். சலோமி முறை வந்ததும், "எம்பொண்ணு ஒரே எடத்துல நிக்கணும் சார்" என்றாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தானே வந்து போர்டைக் கழற்றினார்.

மறுநாள் காலை வெயில் வழக்கம்போல வந்து தெருமுனையில் நின்றது. போர்டு இருந்த இடத்தைப் பார்த்தது. நம்பிக்கையில்லாமல் இரண்டு பக்கமும் பார்த்தது. மோமோக்காரர் தம் வண்டியை ஓரமாகத் தள்ளி, "வா, வா" என்று நேபாளியில் சொல்லி வழிவிட்டார். அது முதல் வீட்டுப் படியில் பட்டது. பிறகு கூச்சம் போய்த் தெரு முழுக்க விழுந்தது. பத்து மணிக்குள் எல்லோரும் "என்னா வெயிலுடா சாமி" என்று அலுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். இப்படி அலுத்துக்கொள்ள அவர்களுக்கு வெகுநாளாக ஆசை. சலோமி வீட்டில் இருந்த துணியை எல்லாம், காய்ந்து கிடந்ததைக்கூட, நனைத்துக் கொடியில் போட்டாள். பெனினா மொடமொடவென்று பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நாள் முழுக்க அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை சலோமி வாசலைப் பார்த்தபடியே சமைத்தாள். விஷ்ணுமாயாதான் முதலில் வந்தாள், வெறுங்கையோடு. "ஆன்ட்டி, வெயில் கொளுத்துது. மோர் இருக்கா?" என்று நேராக உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாள். பின்னாலேயே ஹேமந்தும் ரஃபியாவும் வந்தார்கள். சலோமி உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி போட்டாள்.

தலைமையாசிரியர் சும்மா இருக்கவில்லை. ரயில்வே லைன் ஓரத்தில், எப்போதும் செவ்வாய்க்கிழமையாகவே இருக்கிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஆளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகலாம் என்றார். "முதல்ல கேட்டுட்டு வரோம் சார்" என்றாள் பெனினா.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் அந்த வீட்டின் மாடிப்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். மேலே போனபோது செவ்வாய்க்கிழமை மத்தியானம். வீட்டுக்கார அம்மாள் பாய் விரித்து டீ கொடுத்தார்.

"கிழமைக்கு என்னம்மா குறை, நல்லாத்தான் இருக்கு. பழகிப்போச்சு" என்றார். "மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி இருந்தா தேவல."

பெனினா கீழே இறங்கிப்போய்ப் படியின் அகலத்தை ஜாணால் அளந்தாள். அங்கே சனிக்கிழமை. மேலே இருந்து விஷ்ணுமாயா, செவ்வாய்க்கிழமையில் நின்றபடி, கைப்பிடிக்கு நீளம் பார்க்க ஒரு கயிற்றின் முனையை அவளிடம் இறக்கினாள்.